படத்தின் வலது ஓரம்

யுத்தத்தில் பட்டணத்தின் மேல் குண்டு விழும் என்று பேச்சு எழுந்ததும் எங்கள் ஓவியப் பள்ளியை மூடினார்கள். திரும்பத் திறக்கும்போது ஒவ்வொருவரும் கடற்கரைக் காட்சிகள் வரைந்து கொண்டுவர வேண்டும், அவற்றைப் பார்த்துத்தான் கடைசி வருஷத்தில் இடம் என்று ஆசிரியர் சொல்லி அனுப்பினார். கடலோரத்துப் பெண்களுக்கு அது சுலபம். நான் மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்காரி. அதிலும் அந்த வருஷம் அப்பா மலைமேல் திண்ணனூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் ஒரு வாழைத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அம்மா கீழே மாடு கன்றுகளோடு இருக்க, அப்பாவுக்குச் சமைத்துப்போட நான் மலையேறினேன்.

ஞாபகத்திலிருந்துதான் வரைய வேண்டும். அதை நம்பாமல் முதலில் பட்டியல் போட்டேன்: ஈர மணலின் நிறம், காய்ந்த மணலின் நிறம், கட்டுமரம், உலரும் வலை, கூடையோடு காத்திருக்கும் பெண்கள், தூரத்தில் துறைமுகச் சுவர், கப்பல்கள். எல்லாம் வந்தன. அலைதான் வரவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றும்; எழுந்தால் தாளிடம் திரும்பத் தோன்றும். சோறு குழைந்துபோன நாட்கள் உண்டு. காலையில் பள்ளத்தை மூடும் பனியைக் காட்டி, அதைப் பார்த்து வரையேன் என்றார் அப்பா. எனக்கு வேண்டியது பனி அல்ல. அலை உடைவதற்குச் சற்று முன்னால் தண்ணீர் கண்ணாடிபோல் ஆகும் பச்சை. விடுதித் தோழியும் நானும் செருப்பைக் கையில் பிடித்தபடி, புடவை நனைவதுகூடத் தெரியாமல் பார்த்து நின்ற பச்சை.

களை வெட்ட வரும் அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்தாள்.

"இந்தத் தண்ணி எந்தப் பக்கம் எறங்குதுங்க?"

"எங்கயும் எறங்காதுங்க்கா. அங்கயே கெடந்து ஆடும்."

"உங்களாட்டம்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒரு சந்தை நாளில் கீழே போய்த் திரும்பிய அப்பா தலையில் கட்டிய உருமாலைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்தார்.

"பட்டணத்துல துறைமுகத்தைப் படம் போட்ட ஒருத்தனைப் புடிச்சுட்டாங்களாம் கண்ணு. எதிரிக்கு வேவு பாக்கறான்னு. சந்தையில அதே பேச்சு."

"ஏனுங்கப்பா, வாழைத்தோப்புல ஒக்காந்துட்டு நான் யாருக்கு வேவு பாக்கறது?"

"எனக்குத் தெரியுது. கேக்க வர்றவனுக்குத் தெரியோணுமே. அடுப்புல போட்டுரு."

"எல்லாத்தையுமா?"

"எதுல என்ன இருக்குதுன்னு நான் என்னத்தைக் கண்டேன்."

படங்கள் போனால் பள்ளியில் இடமும் போகும். அதை அவரிடம் சொல்லவில்லை, அவருக்குத் தெரியும். படங்களைப் பாயில் பரப்பினேன். கடலையே பார்த்திராதவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். துறைமுகம் எங்கே என்று கேட்டார், சுவரைக் காட்டினேன். நாங்கள் எப்போதும் ஒரே இடத்தில் நின்று வடக்கே பார்த்து வரைவோம். அதனால் எல்லாவற்றிலும் வலது ஓரத்தில் அது இருந்தது. ஒரு தாளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனவர் அங்கேயே நின்றார்.

"இது யாரு?"

"மீன் வாங்க வந்தவங்க. படகு வர்ற வரைக்கும் ஒக்காந்திருப்பாங்க."

"எந்நேரம் வரும்?"

"சொல்ல முடியாதுங்க."

அப்பா தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "இந்தப் பொம்பளையை எப்படி அடுப்புல போடறது? செவுரு மட்டும் போனாப் போதாதா?"

நான் அளவுகோல் வைத்துக் கோடு போட்டேன். அவர் என் பேனாக்கத்தியால், நுனியிலை அறுப்பதுபோல் பதனமாக அறுத்தார். சுவரும் கப்பல்களும் அடுப்புக்குப் போயின. வலது பக்கத்தைத் தாங்கிக்கொண்டிருந்த கனம் போனதும், தண்ணீர் தாளைவிட்டு வெளியே ஓடுவதுபோல் இருந்தது.

"இதுக்கு எடம் குடுப்பாங்களா?"

"தெரியாதுங்கப்பா."

கொடுத்தார்கள். பள்ளி திறந்ததும், அறுத்த விளிம்பை ஆசிரியர் விரலால் தடவிக் கேட்டார், நடந்ததைச் சொன்னேன். அவர் மதிப்பெண் போட்டார்.

அன்று மாலையே கடற்கரையில் பழைய இடத்துக்குப் போனேன். சுவரும் கப்பல்களும் அப்படியே இருந்தன. புதுத் தாளில் மணல் வந்தது, படகு வந்தது, கூடைக்காரப் பெண்கள் வந்தார்கள். அந்தப் பச்சைகூட ஓரளவு வந்தது. வலப்பக்கம் போனதும் கை நின்றது. திரும்பிப் பார்த்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. மறுபடி திரும்பிப் பார்த்தேன்.

"யாராச்சும் வரணுமாம்மா?" என்றார் சுண்டல் விற்பவர்.

இல்லை என்று சொல்லிக் கலர்ப் பென்சிலைப் பெட்டியில் வைத்தேன். மறுநாளும் போனேன். அன்றும் அந்த ஓரம் வெள்ளையாகவே இருந்தது.