சாவியக்கா செய்த புருஷன்

"ஏங்க, டீ ஆறுது. பேப்பரை அப்புறம் படிக்கலாம்."

யாரும் இல்லாத அறையைப் பார்த்து இப்படிக் குரல் கொடுத்துவிட்டு, சாவியக்கா பதிலுக்குக் கொஞ்சம் காத்திருப்பாள். வராது. "சரி சரி, முறைக்காதீங்க" என்று சமாதானமும் தானே சொல்லிவிட்டு, அந்த டீயையும் தானே குடித்துவிடுவாள்.

அசல் புருஷன் ஒருவர் இருந்தார். ஆறு வருடத்துக்கு முன்னால் "இதோ வர்றேன்" என்று செருப்பை மாட்டியவர், இன்னும் வந்துகொண்டே இருக்கிறார். ஆம்பளை இல்லாத வீடு என்று தெரிந்தால் கதவைத் தட்ட ஆள் கிளம்பும் என்று பயந்து, அவளே ஒருவரைச் செய்துகொண்டாள். அசலைவிட நகல் நன்றாக அமைவது அவள் தொழில் ராசி. இவர் குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, சொன்ன பேச்சைக் கேட்கிறார்.

அவளுடைய டூப்ளிகேட் சாவிக் கடை, சந்தைக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து. அவள் உட்கார்ந்தால் காற்று வெளியே நிற்க வேண்டும். இயந்திரத்தில் சாவியை அறுத்து, அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, "ப்பூ" என்று ஊதுவாள். தூள் அவள் தலைமேலேயே படியும். "இது மட்டும் தங்கமா இருந்தா தலையையே அடகு வெச்சிருப்பேன்" என்பாள். மூன்றாம் முறை சாவி தொலைத்தவரிடம், "உங்க மறதிக்கும் ஒரு டூப்ளிகேட் போட்டுரலாமா சார்?"

தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகையில்தான் அவள் மகள் படிக்கிறாள். வருடத்துக்கொரு முறை அலுவலகத்திலிருந்து ஒருவர் சொல்லாமல் வந்து, வீட்டில் சம்பாதிக்கிற ஆள் வேறு உண்டா என்று பார்ப்பார். இருந்தால் தொகை நின்றுவிடும்.

இந்த முறை வந்த அதிகாரியம்மா தட்டுவதற்குக் கை தூக்கிய நேரம் பார்த்தா அது கேட்க வேண்டும்? "ஏங்க, ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!"

கதவு திறந்தது.

"வீட்டுக்காரர் எங்கம்மா?"

"அப்படி யாரும் இல்லைங்க மேடம்."

"இப்ப யார்கிட்ட பேசினீங்க?"

"அவருகிட்டதான். ஆனா அவரு இல்லை."

சீருடையில் நின்ற எட்டு வயது மகள் உதவிக்கு வந்தாள். "அம்மா தினமும் திட்டுவாங்க மேடம். அவரு திருப்பி ஒரு வார்த்தை பேசமாட்டாரு. பாவம்."

அதிகாரியம்மா பேனாவைத் திறந்தார். சத்தம் கேட்டு மேலேறி வந்த கீழ்வீட்டு மீசைக்காரர், கேட்காமலே சாட்சி சொன்னார்: "தங்கமான மனுஷன் மேடம்! ஆறு வருஷமா ஒரு சத்தம் கிடையாது. நேத்துகூட படிக்கட்டுல எனக்கு வணக்கம் வெச்சாரு."

இருக்கிறார் என்றால் மகளின் படிப்பு போச்சு. இல்லை என்று நிரூபித்தால், நாளைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். சாவியக்கா மகளை ஒரு பார்வை பார்த்தாள்.

"அவரை நான்தான் மேடம் செஞ்சேன்" என்றாள், படிக்கட்டின் கடைசிப் படி வரைக்கும் கேட்கிற மாதிரி. "இங்க நானும் எம் பொண்ணும்தான். வேணும்னா கட்டிலுக்கு அடியிலகூடப் பாருங்க."

அதிகாரியம்மா பார்த்தார். அலமாரியில் ஆண் சட்டை ஒன்றுகூட இல்லை. பல் துலக்கும் பிரஷ் இரண்டே இரண்டு, அதிலொன்று பொம்மை வைத்தது. குனிந்து கட்டிலடியும் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, சிரிப்பை அடக்கிய வாயைக் கையால் பொத்தியிருந்தார்.

"அப்போ நேத்து எனக்கு வணக்கம் வெச்சது யாரு?" என்றார் மீசைக்காரர்.

"அதை நீங்கதாண்ணே சொல்லணும்."

'ஒரு தாய், ஒரு குழந்தை. உதவி தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதிகாரியம்மா இறங்கினார். மீசைக்காரரும் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார்.

சாவியக்கா எங்கிருந்தோ ஒரு செங்கல்லைத் தேடி எடுத்துவந்து, "இனிமே ஒளிக்க என்ன இருக்கு" என்று விரியத் திறந்த கதவுக்கு முட்டுக்கொடுத்து, அசைகிறதா என்று காலால் ஒரு தரம் அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.