செத்த கிருமியின் சொந்தக்காரர்கள்

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் மலம், சளி சோதிக்கும் அறையில் நான் உதவியாளாக இருந்தபோது எனக்கு டைபாய்டு வந்தது. யுத்தம் முடிந்திருந்த சமயம். என் மனைவி தலைப்பிரசவத்துக்கு விக்கிரமங்கலத்தில் தாய்வீட்டில் இருந்தாள். நான் படுக்கையில் கிடந்த வாரத்தில் மகள் பிறந்தாள். காய்ச்சல் விட்டாலும் கிருமி குடலில் தங்கியிருக்கலாம், மூன்று சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டால்தான் குழந்தையைத் தொடலாம் என்றார் டாக்டர்.

மூன்றிலும் ஒன்றும் இல்லை. அன்றே பஸ் ஏறியிருக்க வேண்டும்.

டாக்டருக்கு வந்திருந்த ஆங்கிலப் பத்திரிகையை அகராதியோடு படித்தேன். சூட்டில் கொன்ற கொடிய நிமோனியாக் கிருமியையும், அதே இனத்தில் உயிரோடிருக்கும் சாதுக் கிருமியையும் சேர்த்து எலிக்குள் செலுத்தினால் எலி செத்துவிடுகிறதாம். செத்ததன் குணத்தை உயிருள்ளது எடுத்துக்கொள்கிறதாம். டைபாய்டு கிருமிக்கும் உறவுக் கிருமிகள் உண்டு. அவை எல்லார் குடலிலும் சும்மா குடியிருப்பவை. என் குடலில் செத்த டைபாய்டின் குணம் அவற்றுக்குப் போயிருந்தால்? எங்கள் சோதனையில் அது தெரியாதே!

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அச்சில் வந்ததைச் சந்தேகிக்கத் தெரியாது.

"அது எலிக்குப்பா. நீ எலியா?" என்று சிரித்தார் டாக்டர்.

"டைபாய்டுல அப்படி நடக்காதுங்களா சார்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது இன்னும் யாருக்கும் தெரியாது."

நான் போகவில்லை. மைத்துனனிடமிருந்து கார்டுகள் வந்தன. கழுத்து நின்றுவிட்டது. குப்புற விழுகிறாள். ஆஸ்பத்திரித் தராசில் ஊரார் குழந்தைகளை நிறுக்கும்போது, இவளும் இந்நேரம் இவ்வளவு இருப்பாளா என்று முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஐந்தாம் மாதம் ஒரு முற்பகல், அரியலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி என் மனைவியே வந்துவிட்டாள், குழந்தையோடு.

"அங்கேயே நில்லு" என்றேன். எல்லாவற்றையும் விளக்கினேன். வாசலில் நின்றபடி முழுக்கக் கேட்டாள்.

"செத்த கிருமிகூட சொந்தக்காரனுக்கு எதையோ குடுத்துட்டுப் போவுது. உசுரோட இருக்கற நீங்க இந்தப் புள்ளைக்கு என்னத்தக் குடுத்தீங்க?"

நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"இங்க சோப்பு இருக்குல்ல? அது டைபாய்டா, அதோட பங்காளியான்னு சோப்பு கேக்கவா போவுது? கைய கழுவுங்க. இல்லன்னா இதே பஸ்ல திரும்பிப் போயிடறேன்."

இத்தனை மாதமும் எனக்குத் தோன்றாத யோசனை. முழங்கைவரை இரண்டு தடவை தேய்த்துக் கழுவினேன். வாங்கினேன். மார்பில் காலை உதைத்து, முதுகை வளைத்து, தாயைப் பார்த்துக் கதறினாள் குழந்தை.

"ஆளு புதுசுல்ல. நாலு நாள்ல ஒட்டிக்குவா" என்றாள் அவள்.

ஒட்டிக்கொண்டாள். இதை எழுதும்போதும் மடியில்தான் இருக்கிறாள், பேனாவைப் பிடுங்குகிறாள். ஆனால் ஒரு மாதக் குழந்தை ஒருத்தி இருந்தாள், கழுத்து நிற்காதவள் ஒருத்தி இருந்தாள். அவர்களை நான் பார்க்கவே இல்லை. எப்படி இருந்தார்கள் என்று மனைவியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.