பின்வளவு தெரியும் அடுப்பு

அலுவிகாரையில் மேசன் பதுர்தீன் பாஸைத் தெரியாதவர்கள் குறைவு. தூக்குக்குண்டு பிடிக்காமல் ஒரு கல்லும் வைக்க மாட்டார். அவர் கட்டின மதிலில் எறும்பு கூட நேராகத்தான் ஊரும் என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்படிப்பட்டவர் தன் சொந்த வீட்டுக்கு அடுப்பு வைக்கப் பத்து நிமிஷம்தான் எடுத்துக்கொண்டார். நாட்டில் கேஸ் இல்லாமல் போன வருஷம் அது. வரிசையில் மூன்று நாள் நின்றும் சிலிண்டர் கிடைக்கவில்லை. சின்னக் குசினிக்குள் விறகு வைத்தால் புகையில் கண் திறக்க முடியவில்லை என்று மனைவி ஹிதாயா சொன்னாள். அன்றைக்கு வேலைக்குப் போகிற அவசரத்தில், பின்கதவுக்குப் பக்கத்திலேயே, தகரத் தாழ்வாரத்தின் கீழே மூன்று புளொக் கல்லைப் போட்டார். விறகு நனையாது, மழையிலும் சமைக்கலாம். கிணற்றடியிலிருந்து வீட்டுக்குள் வருகிற வழியும் அதுதான் என்பதை அவர் யோசிக்கவில்லை.

மகள் ஆதிபாவுக்கு அப்போது நாலு வயது. கல்யாணமாகிப் பதினொரு வருஷத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளை. நடக்கத் தெரியாது அவளுக்கு, ஓட்டம்தான். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்கு முன்னால், ஹிதாயா சோற்றுப் பானையை இறக்கி வைத்து, குந்தியபடியே வடிக்கத் துணி தேடினாள். கிணற்றடியிலிருந்து ஓடி வந்த பிள்ளை, நீட்டிக்கொண்டிருந்த விறகில் தடுக்கி, கொதிக்கிற பானைக்கு மேலேயே விழுந்தது.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தாள். டொக்டர்மாரும் தாதிமாரும் தங்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். ஒன்பதாம் நாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஆதிபா மவுத்தானாள்.

ஜனாஸாவுக்கு வந்தவர்கள் எல்லாம், "அல்லாஹ்ட நாட்டம் பாஸ், சபூர் செய்ங்க, பொறுத்துக்கங்க" என்றார்கள். அவர் தலையாட்டினார். பிள்ளையை அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து திரும்பி வந்ததும் அந்த மூன்று கல்லையும் தூக்கிப் போய் வளவு மூலையில் சம்மட்டியால் தூளாக்கினார். ஹிதாயா ஜன்னலில் நின்று பார்த்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஆணக் கறிக்கு உப்புப் போதுமா, கரண்ட் பில் வந்ததா என்பதற்கு மேல் பேச்சில்லாமல் போனது. பிள்ளையின் பெயரை இருவருமே வாயில் எடுக்கவில்லை.

மூன்று மாதம் பதுர்தீன் மேசன் கரண்டியைத் தொடவில்லை. பிறகு பக்கத்துத் தெரு ஸரீனா ஆளனுப்பினாள். மூன்று பிள்ளைகளின் தாய். "பின்னால ஒரு அடுப்புப் போட்டுத் தாங்க பதுர்தீன் நானா. கேஸ நம்பி இருக்க ஏலாது."

மறுக்கத்தான் போனார். போன இடத்தில் பின்வளவில் அந்தப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. கொக்கோ மரத்தடியில் குந்தி, எந்த வழியால் ஓடுகிறார்கள், எங்கே திரும்புகிறார்கள், எங்கே விழுகிறார்கள் என்று அரை நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் கரண்டியோடு வந்தார்.

ஓட்டப் பாதையிலிருந்து விலகி, வீட்டுக் கதவிலிருந்து பதினைந்து அடி தள்ளி இடம் பிடித்தார். அடுப்பைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயரத்துக்குக் கொங்கிறீட் தட்டுப் போட்டு, அதன் விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி வைத்தார். நெருப்புப் பெட்டிக்கும் மண்ணெண்ணெய்ப் போத்தலுக்கும் எவ்வளவு உயரத்தில் மாடம் வைப்பது என்ற கேள்வி வந்தபோது அளவு நாடாவை அவர் எடுக்கவில்லை. ஆதிபா நுனிக்காலில் எம்பினால் அவளுடைய விரல் அவருடைய சட்டைப்பையின் அடிவிளிம்பைத் தொடும், அதற்குள் இருக்கிற டொபிக்காக. அந்த விளிம்பில் கையை வைத்தார். அதற்கு மேலே இரண்டு சாண் விட்டு, அடுப்புக்குப் பின்னால் எழுப்பின சுவரில் கோடு கீறினார். கீறிவிட்டுச் சுவரைப் பார்த்தபடியே நின்றார். ஸரீனா தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் மற்ற வேலையைப் போட்டுவிட்டுப் போவார். பிள்ளைகள் வருகிற பக்கத்தில் அரைச்சுவர், பெரியவர்கள் மட்டும் திறக்கக்கூடிய கொக்கி வைத்த படலைக் கதவு, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாளி மணல். அடுப்புக்கு முன்னால் விறகு நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதில் மட்டும் கடுமையாக இருந்தார். இரண்டு வருஷத்தில் பதினொரு வீடு.

பன்னிரண்டாவது, ஓட்டோ ஓட்டும் ரொஹானின் மனைவி ஷிரானியின் வீடு. அவளுக்கு நாலு வயதில் ஒரு மகளும், தவழ்கிற பையனும். அன்றைக்குப் பதுர்தீன் சோற்றுப் பார்சலை வீட்டிலேயே மறந்துவிட்டார். அதைக் கொண்டு வந்த ஹிதாயா, கொடுத்துவிட்டுத் திரும்பவில்லை. ஈரம் காயாத அந்த அடுப்படிக்குள் போய், சமைக்கிறவள் நிற்கிற இடத்தில் நின்றாள்.

"இங்க நின்னா எனக்குச் சுவர்தான் தெரியுது" என்றாள்.

"அந்தப் பக்கம்தான் காத்து. புகை நேரா மேல போயிடும்."

"புள்ளைங்க எங்க நிக்கும்?"

"பின்னால. படலைக்கு வெளியில."

ஹிதாயா திரும்பாமலே சொன்னாள். "நானும் அன்னைக்குச் சுவரப் பார்த்துத்தான் குந்தி இருந்தேன், ஆதிபாட வாப்பா. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. புள்ள வருதுன்னு நெனச்சேன். திரும்புறதுக்குள்ள..."

அந்தப் பெயர் காதில் விழுந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பதுர்தீன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு மணல் குவியலில் உட்கார்ந்தார்.

"அந்தக் கல்ல அந்த எடத்துல வெச்சது நான் ஹிதாயா. பத்து நிமிஷத்துல வெச்சேன். ஊர் வீட்டுக்கெல்லாம் நூல் பிடிச்சேன், என் புள்ளைக்குப் பிடிக்கல்ல."

"தெரியும்" என்றாள் அவள். கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. "எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ரெண்டு பேரும் வாய மூடிட்டு இருந்தோம்."

முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத ஒடைங்க. அடுப்ப இந்தப் பக்கம் திருப்புங்க. உம்மாக்காரி தலைய நிமிர்த்தினா வளவு முழுக்கத் தெரியணும். நீங்க ஒரு நாளும் சமைக்கல்ல, உங்களுக்கு வெளங்காது."

வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஷிரானி, "ஒடைங்க பாஸ். அக்கா சொல்றது சரி" என்றாள்.

முந்தின நாள் எழுப்பிய சுவரை அன்றே இடித்தார். அடுப்பு வளவைப் பார்த்துத் திரும்பியது. புகை கொஞ்சம் முகத்தில் அடிக்கத்தான் செய்தது. பரவாயில்லை என்றாள் ஷிரானி.

அதோடு முடியவில்லை. முன்பு கட்டின பதினொரு வீட்டுக்கும் இருவரும் போனார்கள். ஏழு வீட்டில் திருப்பிக் கட்ட விட்டார்கள். மூன்று வீட்டில் அடுப்பைத் திருப்ப இடமில்லை, பக்கத்தில் ஒரு ஜன்னல் மட்டும் வெட்டினார். ஒரு வீட்டுக்காரர், "நல்லாத்தானே இருக்கு பாஸ், எதுக்கு வீண் வேலை?" என்று கதவைச் சாத்திவிட்டார். அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் பதுர்தீன் பைக்கை மெதுவாக்கி, பின்வளவிலிருந்து பிள்ளைகளின் சத்தம் வருகிறதா என்று காது கொடுப்பார்.

இப்போதெல்லாம் புது வேலைக்கு ஹிதாயாவும் போகிறாள். அடுப்பு வரப்போகிற இடத்தில் அவள்தான் முதலில் நிற்பாள். அவள் தலையசைத்த பிறகுதான் அவர் நூல் கட்டுவார்.

போன மாதம் கலேவெலப் பக்கம் ஒரு வீட்டில் அப்படி நின்றபோது, அந்த வீட்டுச் சின்ன மகள் ஓடி வந்து அவளுடைய சாரியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஹிதாயா குனிந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். "அங்கால போய் விளையாடுங்க மகள். நான் இங்க இருந்து பார்த்துட்டுத்தான் இருக்கேன்" என்றாள்.

திரும்பி வரும் வழி முழுக்க, பைக்கின் பின்னால் இருந்து அவள் சத்தமில்லாமல் அழுதாள். பதுர்தீனின் முதுகில் சட்டை நனைந்தது. அவர் நிறுத்தவில்லை. வீடு வரைக்கும் ஒரே வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார்.