சற்குணம் வெட்டிய ஜீப்

பாப்பனங்கோட்டில் பழைய வண்டி வாங்கி விற்கிற சற்குணத்துக்குக் கோபம் வராத நாள் உண்டா என்று அந்தச் சாலையில் யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். பேரம் பேச வருகிறவன் டயரை எட்டி உதைத்துப் பார்த்தால் கோபம் வரும். அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "சேட்டன் இல்லையா?" என்று கேட்டுவிட்டால் அதைவிடப் பெரிய கோபம் வரும். சேட்டன் என்று அவர்கள் கேட்பது அவளுடைய கணவர் வேலப்பனை. அவர் ஏதாவது எஞ்சினுக்குள் தலையை விட்டிருப்பார். தலையை வெளியே எடுக்காமலே, "வியாபாரம் அவகிட்டதான்" என்பார்.

அவளுடைய அப்பா நாங்குநேரிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்து, கரமனை ஆற்றோரம் குடியேறியவர். சற்குணம் படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். வீட்டில் பேசியது தமிழ். திட்டுவது இரண்டிலும். செங்கல் லோடு அனுப்புகிற இடத்தில் கணக்கு எழுதப் போனவள், அங்கேயே மினி லாரி ஓட்டப் பழகினாள். அங்கே மெக்கானிக்காக இருந்த வேலப்பனைக் கட்டிக்கொண்டாள். முதலாளி இரும்பு விலைக்குத் தள்ளிவிட இருந்த ஒரு லாரியை இருவரும் கேட்டு வாங்கி, எஞ்சினைப் பிரித்துப்போட்டு, ஓட வைத்து, ஒரு மீன் வியாபாரிக்கு விற்றார்கள். தொழில் அப்படித்தான் தொடங்கியது.

அவளுடைய தம்பி மகேஷ்குமார் பிறகு வந்து சேர்ந்தான். வளைகுடாவுக்குப் போய் நிலைக்காமல் திரும்பியவன். அவனுக்குப் பேச்சு இனிப்பு. வண்டிகளைக் கழுவித் துடைத்து, வெயில் சாய்கிற நேரம் பார்த்துப் படம் எடுத்து, போனில் போடுவான். பார்க்கிறவனுக்கு உடனே வாங்கத் தோன்றும். அக்காவின் முகத்தைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர்களைத் தெருமுனை வரை துரத்திப் போய்ச் சிரித்துப் பேசி அழைத்து வருவதும் அவன்தான். அவன் வந்த பிறகு வியாபாரம் இரட்டித்தது. அது அவளுக்கும் தெரியும்.

சற்குணம் பொய் சொல்லாதவள் இல்லை. ஊரெல்லாம் அடிபட்டு வந்த காரை, "ஒரு டீச்சர் ஓட்டினது, ஸ்கூலுக்கும் வீட்டுக்கும் தவிர வேற எங்கயும் போனதில்ல" என்பாள். கிழிந்த சீட்டுக்கு உறை போட்டு மறைப்பாள். ஏ.சி. சீக்கிரம் கைவிடும் என்று தெரிந்தாலும் வாயைத் திறக்க மாட்டாள். ஆனால் பிரேக், ஸ்டியரிங், வண்டியின் எலும்பான சேசிஸ், இவற்றில் மட்டும் அவளிடம் பொய் கிடையாது. "ஓடாத வண்டிய வித்தா வந்து திட்டுவான். நிக்காத வண்டிய வித்தா திட்டறதுக்கு ஆளு இருக்காதுல்லா" என்பாள்.

அந்தப் பச்சை ஜீப்பை அவள் முதலில் பார்த்தது ஒரு ரப்பர்த் தோட்டத்தில். வெட்டிய மரத்தடிகளை இழுத்துக்கொண்டிருந்த வண்டி. வேனில் காலத்தில் அக்காவும் தம்பியுமாகப் போயிருந்தார்கள். மகேஷுக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. சற்குணம் சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் மல்லாந்து அடியில் நுழைந்தாள். முன்பக்கம் ஸ்டியரிங் பாக்ஸ் பிடித்திருக்கும் இடத்தில் சேசிஸ் விரிசல் விட்டிருந்தது. யாரோ அதன்மேல் வெல்டு அடித்துப் பார்த்திருந்தார்கள். வெல்டைச் சுற்றி மறுபடியும் விரிசல் ஓடியிருந்தது.

வெளியே வந்து கையைத் தட்டினாள். "வேண்டாம்ல. இது மனுசன் ஏறுற வண்டி இல்ல."

"நல்லா இரும்புப் பட்டை வச்சு வெல்டு அடிச்சா நிக்காதா அக்கா?"

"அந்த இரும்பு செத்துப் போச்சு. செத்ததுமேல எத்தன தடவ வெல்டு அடிப்ப? வா, போலாம்."

அவன் சரியென்று வந்துவிட்டான். அவள் அதோடு அந்த ஜீப்பை மறந்தாள்.

ஓணம் முடிந்து சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைப் போன் அடித்தது. எடுத்தாள். வித்துராவிலிருந்து அஜின் என்று ஒரு பையன். அவனுடைய அம்மா மார்த்தாண்டத்துக்காரி என்பதால் தமிழ் பேசுவான், பாதி மலையாளமாக.

"சேச்சி, மகேஷண்ணனுக்கு விளிச்சா லைன் கிட்டல. வேற ஒண்ணுமில்ல, நம்ம ஜீப்பு வளைவு திரும்பும்போ அடியில டக்குனு ஒரு சத்தம். நாளைக்குக் கொண்டு வரட்டா?"

"எந்த ஜீப்பு?"

"பச்சை. தோட்டத்துல ஓடினதில்லா. ஓணத்துக்கு முன்ன அண்ணன் தந்தாரே. நான் அதுலதான் பொன்முடி மலைக்கு ஆளு ஏத்துறேன்."

சற்குணத்துக்குக் காது அடைத்துக்கொண்டது. பிறகு வந்த குரல் சாலையின் எதிர்ப்பக்கம் வரை கேட்டது.

"அந்த வண்டியத் தொடாத. சாவியக் கழட்டி வை. நான் சொல்றது கேட்டியா?"

"ஐயோ சேச்சி, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. ஒரு ஃபேமிலி கல்லாறுல வந்து ஏறும். அவங்கள மேல கொண்டு போயிட்டு…"

"மேல போனா நீ கீழ வரமாட்டலே!"

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். காலையிலேயே எவளோ கிறுக்கு பிடித்தவளிடம் மாட்டிக்கொண்டோம் என்று நினைத்திருப்பான். வைத்துவிட்டான். அவள் திரும்பத் திரும்ப அழைத்தும் எடுக்கவில்லை. தம்பியின் போன் அணைந்திருந்தது.

வேலப்பன் கையைத் துடைத்தபடி வந்தார். "என்ன சத்தம்?"

"உங்க மச்சினன் அந்தத் தோட்டத்து ஜீப்ப வாங்கி, எனக்குத் தெரியாம எங்கயோ வச்சு வெல்டு அடிச்சு வித்திருக்கான். உங்களுக்குத் தெரியுமா?"

வேலப்பன் பார்வையைத் தாழ்த்தினார். வண்டியைப் பற்றி அவருக்குத் தெரியாது. ஆனால் மகேஷ் தனியாக ஏதோ செய்கிறான் என்பது தெரியும். வீட்டில் சண்டை வேண்டாமே என்று பேசாமல் இருந்திருக்கிறார். அந்த மௌனம் அவளுக்கு ஜீப்பைவிட ஆத்திரமாக இருந்தது. "வந்து உங்களப் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கடையின் பிக்கப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நெடுமங்காடு தாண்டும்வரை தம்பியைத் திட்டினாள். வித்துரா சந்தையில் வண்டிகள் நெரிந்து நின்றபோது முன்னால் நின்ற ஆட்டோவைத் திட்டினாள். மழை தூறத் தொடங்கியது. மேலே ஈரச் சாலையில் கொண்டையூசி வளைவுகளும், அதில் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்புகிற கைகளும் கண் முன்னால் வந்தன. அதற்குப் பிறகு யாரையும் திட்ட வரவில்லை. ஆக்ஸிலரேட்டரை மட்டும் மிதித்தாள்.

மலையடிவாரத்தில், கல்லாற்றில் கடைகளுக்கு முன்னால் அந்தப் பச்சை ஜீப் நின்றது. புதுப் பெயிண்ட், கண்ணாடியில் மாலை. பின்னால் ஒரு குடும்பம் ஏறி உட்கார்ந்திருந்தது. அஜின் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். சற்குணம் பிக்கப்பை ஜீப்பின் மூக்குக்கு முன்னால் குறுக்கே நிறுத்தி இறங்கினாள்.

"எல்லாரும் இறங்குங்க."

"சேச்சி, என்ன இது?"

"காலையில போன்ல பேசினவதான். இது என் கடையில வித்த வண்டி. திரும்ப எடுக்க வந்திருக்கேன்."

அஜினின் முகம் சுருங்கியது. டீக்கடையில் நின்ற மற்ற டிரைவர்கள் பக்கத்தில் வந்தார்கள். அவர்களில் ஒருவன் மலையாளத்தில் சத்தமாகச் சொன்னான், யாரோ கூடுதல் விலைக்குக் கேட்டிருப்பான், அதனால்தான் இந்த அம்மா ஓடி வந்திருக்கிறாள் என்று. கூட்டம் சிரித்தது. அஜினுக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

"கொள்ளாம், நல்லாருக்கு! வித்த வண்டிய நீங்களே தட்டிப் பறிக்க வந்தீங்களா? நீங்க பழைய வண்டிக் கச்சவடம் பண்றவங்கதானே. உங்க பேச்ச நான் எப்படி நம்புவேன்?"

இந்தத் தொழிலில் அவள் சொன்ன பொய்களையெல்லாம் ஜனங்கள் தலையாட்டி நம்பியிருக்கிறார்கள். இன்று உண்மையைச் சொல்கிறாள். ஒருவனும் நம்பவில்லை. அஜினின் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது சற்குணத்துக்கு.

"என்னைய நம்ப வேண்டாம். உனக்குக் கண்ணு இருக்குல்லா? அடியில படு. நான் ஸ்டியரிங்கத் திருப்புறேன். பாத்துட்டு வந்து சொல்லு."

"நான் படுக்க மாட்டேன்."

"அப்ப என் மேல ஏத்திட்டுப் போ." அவள் ஜீப்பின் முன் பம்பரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் இருந்த குடும்பத்துக்காரர் பிள்ளைகளைத் தூக்கி இறக்க ஆரம்பித்திருந்தார். அதைப் பார்த்த அஜின் கெட்ட வார்த்தை ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு, டீக்கடைக்காரரிடம் டார்ச் வாங்கி, ஈரத் தரையில் படுத்து உள்ளே நுழைந்தான். சற்குணம் டிரைவர் சீட்டில் ஏறி, நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்பினாள். அவளுக்கு அந்த டக்கென்ற சத்தம் உள்ளங்கையிலேயே தெரிந்தது.

"இன்னொருக்கா" என்று அடியிலிருந்து குரல் வந்தது. திருப்பினாள்.

அவன் வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப, கறுப்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் அந்த விரிசல் வாயைத் திறந்து திறந்து மூடியதைப் பார்த்திருக்கிறான். பிறகு கத்தினான்.

"என் பொண்டாட்டி லிபிய இதுலதான் முதல்ல மேல கொண்டு போனேன்! அவளுக்கு வயித்துல பிள்ள! தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"தெரியாதாம்! உங்க கடைதானே? உங்க நம்பர்தானே கண்ணாடியில ஒட்டியிருக்கு?"

ஜீப்புக்குள் கிடந்த ஜாக்கிக் கம்பியை எடுத்துப் பிக்கப்பின் முன் கண்ணாடியில் ஓங்கி அடித்தான். கண்ணாடி சிலந்தி வலை போல நொறுங்கி நின்றது. மறுபடி அடித்தான். சற்குணம் தடுக்கவில்லை. அவனுடைய கோபத்தின் முன்னால் தன் கோபம் சின்னதாகிவிட்டது போல இருந்தது அவளுக்கு. அவன் கம்பியைப் போட்ட பிறகு, "கடைக்கு வா. அங்க நிக்கிறதுல எது வேணுமோ எடுத்துக்கோ" என்றாள்.

ஜீப்பை ஓட்டி வர அவள் யாரையும் விடவில்லை. ரிக்கவரி வண்டி வரவழைத்து ஏற்றிக் கடைக்கு அனுப்பினாள். அஜின் மறுநாள் வந்து, கடையில் இருந்ததிலேயே நல்ல வண்டியை, வேறு ஒருவருக்கென்று வாக்குக் கொடுத்து வைத்திருந்ததை, கைகாட்டினான். அவள் சாவியைக் கொடுத்தாள். அவன் நன்றி சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

அவன் போனதும் மகேஷ் வந்தான். எல்லாம் கேள்விப்பட்டுத்தான் வந்தான். வண்டியைச் சாலையோரம் நிறுத்தியபோதே பேச ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, உனக்குப் பைத்தியமா? திருப்பி எடுத்து இன்னொரு வெல்டு அடிச்சுக் குடுத்தா முடிஞ்சுது. நல்ல வண்டியத் தூக்கிக் குடுத்திருக்க!"

அவன் கன்னத்தில் அறை விழுந்தது. நேற்றுக் கல்லாற்றில் விழாமல் போன அறை அது.

"பிள்ளைங்கள ஏத்திட்டு மலைக்குப் போறவன்னு தெரிஞ்சே குடுத்தியாடா?"

மகேஷ் கன்னத்தைத் தடவியபடி சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் இன்றுவரை மறக்கவில்லை. "நீ பெரிய உத்தமி. டீச்சர் ஓட்டின காருன்னு சொல்றது யாரு? பிஞ்ச சீட்டுக்கு உறை போடுறது யாரு? நீ சொன்னா வியாபாரம், நான் சொன்னா துரோகமா?"

"ஆமாடா, நான் பொய் சொல்றவதான். என் பொய்யால ஒருத்தன் வெயில்ல வேர்த்துட்டுப் போவான். உன் பொய்யால அவன் பொண்டாட்டி பள்ளத்துல கிடப்பா. ரெண்டும் ஒண்ணா?"

"பொய் பொய்தான்."

அவள் அதை விட்டுவிட்டு வேறு பேச்சுக்குத் தாவினாள். வளைகுடாவிலிருந்து வெறும் கையோடு வந்தவனுக்குச் சோறு போட்டதைச் சொன்னாள். உடுத்திய சட்டையிலிருந்து ஓட்டுகிற வண்டிவரை யார் தந்தது என்று சொன்னாள். சாலையில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "போதும், விடு" என்று கையைப் பிடித்த வேலப்பனை உதறித் தள்ளினாள். பிறகு உள்ளே போய், இரும்பு வெட்டுகிற கேஸ் கட்டரை ஜீப்பிடம் இழுத்து வந்தாள்.

"அது என் காசும் சேர்ந்த வண்டி!" என்று மகேஷ் குறுக்கே வந்தான்.

"தள்ளுடா."

தீயைப் பற்ற வைத்தாள். வேலப்பன் கறுப்புக் கண்ணாடியை எடுத்துவந்து அவள் முகத்தில் மாட்டிவிட்டு, பேட்டரி ஒயரையும் டீசல் டாங்கையும் கழற்றி அப்புறப்படுத்தினார். அவர் முடிக்கும்வரை அவள் எரிகிற தீயோடு காத்து நின்றாள். பிறகு சேசிஸை வெட்டினாள். விரிசல் விட்ட இடத்தில் மட்டுமல்ல, நடுவில், பின்னால், இனி எவனும் ஒட்டவைத்து விற்க முடியாதபடி துண்டு துண்டாக வெட்டினாள். புதுப் பெயிண்ட் கருகி நாறியது. மகேஷ் பாதியிலேயே போய்விட்டான்.

அதன் பிறகு நடந்ததும் அவளுடைய கோபத்துக்குத் தீனிதான். அஜின் ஒரு வீடியோ போட்டான். உடைந்த ஜீப்பை விற்ற கடை என்று பாப்பனங்கோட்டுப் பெயரையும் போன் நம்பரையும் சொன்னான். மாற்று வண்டி கிடைத்ததைச் சொல்லவில்லை. வித்துராப் பக்கமிருந்து ஒருத்தரும் அதன்பின் வரவில்லை. சற்குணம் அவனை அழைத்து அரை மணி நேரம் திட்டினாள். "சேச்சி, என் பொண்டாட்டி இப்பவும் ராத்திரி முழிச்சு உக்காந்து அழுறா" என்றான் அவன். போனை வைத்துவிட்டாள்.

மகேஷ் நெய்யாற்றின்கரைப் பாதையில் தனியாகக் கடை போட்டுவிட்டான். பளபளவென்று விளக்கு வைத்த போர்டு. கூட்டம் அங்கேதான். வேலப்பன் உதிரிப் பாகம் வாங்கப் போகும் சாக்கில் மைத்துனனைப் பார்த்துவிட்டு வருவார். அது அவளுக்குத் தெரியும். அந்த நாட்களில் சோற்றைப் பரிமாறாமல் தட்டோடு கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டுப் போவாள்.

இப்போது அவளிடம் வண்டி வாங்க வருகிறவர்கள் தரையில் படுக்க வேண்டும். சாக்கு விரித்து, டார்ச் கொடுத்து, "பாத்துட்டு வந்து பேசு" என்பாள். இஸ்திரி போட்ட சட்டைக்காரர்கள் முகம் சுளித்துப் போய்விடுகிறார்கள். போகட்டும் என்று விட்டுவிடுகிறாள். டீச்சர் ஓட்டின கார் என்கிற பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். ஏன் என்று வேலப்பன் ஒருமுறை கேட்டதற்கு, "அந்த நாய் சொன்னதுக்காக இல்ல" என்று சீறினாள்.

சித்தி மகள் கல்யாணத்தில் மகேஷ் எதிரே வந்து, "அக்கா" என்றான். அவள் தாம்பாளத்தைக் கையில் வைத்திருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு அவனைக் கடந்து போனாள். அன்று வீட்டுக்கு வரும் வழியில் வேலப்பனிடம் சொன்னாள்: "அவன் மேல உள்ள கோவம்கூட ஆறிரும்போல. கூப்பிட்ட உடனே அவன் பக்கம் திரும்பப் போச்சே என் தல, அது மேலதான் கோவம் ஆறல."

வேலப்பன் கியரை மாற்றினார். "கிளட்ச இவ்வளவு தேய்க்காதீங்க" என்று அவரையும் திட்டினாள்.