பழசைக் கொடுத்தால்தான் புதுசு

லினக்ஸில் ஒரு டூலை இன்ஸ்டால் செய்வதும் சம்பந்தம் பேசப் போவதும் ஒன்றுதான். பெண் சரி என்றாலும் பெரியப்பாவைக் கேட்க வேண்டும். பெரியப்பா சரி என்றால் அவர் மச்சினரைக் கேட்க வேண்டும். மச்சினர் சிங்கப்பூரில் இருப்பார், போனை எடுக்க மாட்டார். 'இது இருந்தால்தான் அது ஏறும்' என்று கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் படித்துப் படித்துத் தலைமுடியைப் பிய்த்துக்கொண்ட என் இனத்து மக்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்துவிட்டுச் சிரித்துக்கொள்ளலாம், ஆட்சேபம் இல்லை.

நான் ஸ்டெல்லா. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சிஸ்டம் அட்மின். ஃபினிஷிங் செக்‌ஷனுக்கு மேலே, பசை வாசனை நேராக ஏறி வருகிற ஒரு சின்ன ரூம். என்னோடு கலையரசி. தையல் லைனில் ஷூவுக்கு மேல்பாகம் தைத்துக்கொண்டே அஞ்சல் வழியில் பி.சி.ஏ. முடித்தவள். ஷூவை ஸ்கேன் செய்தால் அது எந்தத் தோலில் இருந்து வந்தது, அந்தத் தோல் எந்த டேனரியில் பதனிடப்பட்டது என்று காட்டுகிற ப்ரோகிராமை அவளே உட்கார்ந்து எழுதினாள். எங்களிடம் ஷூ வாங்குகிற வெளிநாட்டுப் பையர்கள் இப்போதெல்லாம் ஷூவைவிட அதைத்தான் அதிகமாகக் கேட்கிறார்கள்.

எங்கள் ஜி.எம். ஒரு நிபந்தனை போட்டார். விண்டோஸுக்கு லைசென்ஸ் வாங்கித் தர முடியாது, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸில் ஓட்டிக்கொள்ளுங்கள். பையர் வரும் அன்றைக்கு அவர் கண் முன்னால் ஓட வேண்டும். ஓடினால் கலையரசிக்கு இதே ரூமில் நிரந்தர வேலை. ஓடாவிட்டால் ப்ரோகிராம் வேலை சென்னைக் கம்பெனிக்கு, கலையரசி பழையபடி தையல் லைனுக்கு. அதுவரைக்கும் அவள் கழுத்தில் தொங்கிய ஐ.டி. கார்டில் 'தையல் பிரிவு' என்றுதான் போட்டிருந்தது.

சப்ளையர் யார்?

பையருடைய டிசைன் வெளியே போய்விடக் கூடாது என்று எங்கள் கம்பெனிக் கம்ப்யூட்டர்களுக்கு இன்டர்நெட் கிடையாது. இன்டர்நெட் இல்லாத லினக்ஸ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வேண்டியதையெல்லாம் வெளியே போய் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவர வேண்டும். ஆனால் கம்பெனிக்குள் ஒரு குண்டூசி வந்தாலும் அது ஸ்டோர் வழியாகத்தான் வர வேண்டும். ஸ்டோர் என்றால் நசீர் பாய். சட்டத்தை எழுதியவர்களே மறந்துபோன சட்டமெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கும்.

முதல் நாள் லினக்ஸையும் அதன் மேல் ஏற்றுகிற சின்னச் சின்ன ப்ரோகிராம்களான பேக்கேஜ்கள் கொஞ்சத்தையும் பென் டிரைவில் எடுத்துப் போனேன். உள்ளே வருகிற எந்தச் சரக்கிலும் ஒரு சாம்பிள் எடுத்து சீல் வைத்து ஸ்டோரில் வைக்க வேண்டும் என்பது வழக்கம். தோல் வந்தால் ஒரு துண்டு, நூல் வந்தால் ஒரு முழம். இது சாஃப்ட்வேர் பாய், இதற்கெல்லாம் சாம்பிள் வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. ஸ்டோருக்குச் சொந்தமான பென் டிரைவ் ஒன்றில் எல்லாவற்றையும் ஒரு காப்பி போடச் சொல்லி, பாலிதீன் கவரில் இட்டு, ஸ்டேப்ளர் அடித்து, சீட்டு ஒட்டி பீரோவில் வைத்துப் பூட்டினார். பிறகு சப்ளையர் யார் என்று கேட்டார். உலகம் முழுக்க யார் யாரோ எழுதி இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சும்மா குடுக்கறவன நம்பாதீங்க மேடம். பழக்கம் பண்ணிட்டு அப்புறம் ரேட்டு ஏத்துவான்."

அதே பென் டிரைவ்

கம்பெனிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே இன்டர்நெட் உண்டு. ஒரு பேக்கேஜை இறக்கிக்கொண்டு ரோடைக் கடந்து, ஸ்டோரில் சாம்பிள் கொடுத்து, மாடி ஏறி, போட்டுப் பார்த்தால் இன்னொன்று வேண்டும் என்று அது சொல்லும். மறுபடியும் இறங்கி, ரோடைக் கடந்து, அந்த இன்னொன்றை இறக்கிக்கொண்டு வந்தால் அதற்கு வேறொன்று வேண்டும். ஜெராக்ஸ் கடைக்காரர் எனக்கென்று ஒரு ஸ்டூலே ஒதுக்கிவிட்டார்.

இத்தனை அலைச்சல் எதற்கு, வேண்டியதையெல்லாம் கணக்குப் பார்த்து ஒரே மூச்சில் இறக்குவதற்கு ஒரு டூல் இருக்கிறதே என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். இருக்கிறது. அந்த டூலை ஏற்றுவதற்கு ஒரு பேக்கேஜ் குறைகிறது.

எங்கள் கேட்டில் இருப்பவர் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் அப்படி இருப்பார். நான் உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் பையைப் பிரித்து, டிபன் பாக்ஸைத் திறந்து, பென் டிரைவைத் தூக்கி வெயிலில் திருப்பிப் பார்த்துத்தான் விடுவார். ஒரு நாள் மத்தியானத்துக்குள் பல தடவை ஆகிவிட்டது. மனிதர் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"இன்னாம்மா, உள்ள போறப்பவும் அதே பென் டிரைவு, வெளிய வர்றப்பவும் அதே பென் டிரைவு. நடுவுல நீங்க இன்னாதான் பண்றீங்க?"

பையருக்கு உறவா?

எல்லாம் ஏறி ஒன்றே ஒன்றுதான் பாக்கி என்ற நிலையில் ஒரு டூல் மல்லுக்கு நின்றது. அதற்கு ஒரு லைப்ரரி வேண்டும், அதுவும் ஒரு வகைப் பேக்கேஜ்தான். எங்களிடம் அதே லைப்ரரி, இன்னும் புதிய பதிப்பாகவே இருந்தது. ஆனால் புதுசு அதற்கு ஆகாதாம். பழைய பதிப்புதான் வேண்டும், அதுவும் குறிப்பிட்ட அந்தப் பழைய பதிப்புதான் வேண்டும். அந்தப் பழசை இப்போது யாரும் வெளியிடுவதில்லை.

அந்த நேரம் பார்த்து ஜி.எம். மேலே வந்தார். வேலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். மனிதர் கட்டிங் செக்‌ஷனில் ஆரம்பித்து மேலே வந்தவர். நல்ல தோல் கையில் இருக்கும்போது, மூன்று வருஷத்துக்கு முன்னால் தான் ஓகே செய்த சாம்பிளின் அதே பிரவுன்தான் வேண்டும் என்று பையர் அடம் பிடிக்க, ராணிப்பேட்டை முழுக்க டேனரி டேனரியாக அலைந்தவர். நான் சொன்னதைக் கேட்டு அவருக்குக் கோபமே வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

"ஏம்மா, இத்த எழுதுனவன் நம்ம பையருக்குச் சொந்தக்காரனா?"

உடைந்த ஊசி

ஷூ கம்பெனியில் வேலை பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தையல் லைனில் மெஷின் ஊசி உடைந்தால் லைன் நின்றுவிடும். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் தரையில் தவழ்ந்தாவது தேடி எடுத்து ஸ்டோரில் கொடுக்க வேண்டும். நசீர் பாய் துண்டுகளைச் சேர்த்துவைத்துப் பார்ப்பார். முழு ஊசி ஆனால்தான் புது ஊசி தருவார். துண்டு ஷூவுக்குள் மாட்டி யாரோ ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் காலில் ஏறிவிடக் கூடாதே என்பதற்காக. கலையரசிக்கு இது ரத்தத்தில் ஊறிய பழக்கம். பழசைக் கொடுத்தால்தான் புதுசு.

பையர் வருவதற்கு முதல் நாள் காலை. அந்தப் பழைய பதிப்பை எங்கேயோ ஒரு மூலையில் தேடிப் பிடித்து, அதைக் கேட்ட டூலை வழிக்குக் கொண்டுவந்திருந்தோம். அது கடைசியாகப் புது பைத்தான் ஒன்று கேட்டது. கலையரசியின் ப்ரோகிராமே பைத்தான் மொழியில் எழுதியதுதான். ஜெராக்ஸ் கடையில் இறக்கிவந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, பில்லிங்கில் ஒரு பிரின்டர் தகராறு என்று நான் கீழே போய்விட்டேன்.

லினக்ஸ்காரர்களே, இந்த இடத்தில் நெஞ்சைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். அவள் புதுசை ஏற்றுவதற்கு முன்னால் முறைப்படி பழசை நீக்கினாள். திரையில் இருக்கிற படம், ஐகான் எல்லாமே அந்தப் பழைய பைத்தானைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன என்று அவளுக்குத் தெரியாது. இதனுடன் சேர்த்து இவையெல்லாமும் போய்விடும், சரியா என்று மெஷின் ஒரு நீளமான பட்டியல் போட்டுக் கேட்டிருக்கிறது. ஒரு துண்டு விடாமல் எல்லாத் துண்டும் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு அவள் சரி என்று அழுத்தியிருக்கிறாள்.

நான் மேலே வந்தபோது திரை முழுக்க இருட்டு. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. கலையரசி அதன் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பழச குடுத்துட்டேன்க்கா. புதுசு இன்னும் வரல."

துண்டு எங்கே?

நல்லவேளை, அவள் எழுதிய ப்ரோகிராம் அப்படியே இருந்தது. அதை ஓட்டுகிற பைத்தான்தான் இல்லை. அதை ஒரு பென் டிரைவில் காப்பாற்றி எடுத்துவிட்டு யோசித்தேன். இனிமேல் ஒன்றே வழி: லினக்ஸை அடியிலிருந்து மறுபடியும் போட்டு, அத்தனை பேக்கேஜையும் வரிசையாக ஏற்ற வேண்டும். என்னிடம் இருந்த லினக்ஸ் பென் டிரைவில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு என் தம்பி கல்யாண வீடியோவை ஏற்றியிருந்தேன். ஜெராக்ஸ் கடையில் அன்றைக்குப் பார்த்து கரன்ட் கட். அந்தப் பழைய பதிப்பு லைப்ரரியை மறுபடியும் எங்கே போய்த் தேடுவது? கலையரசி தன் ஐ.டி. கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நசீர் பாயின் பீரோ ஞாபகம் வந்தது. நான் உள்ளே கொண்டுவந்த ஒவ்வொன்றுக்கும் அவர் அடம்பிடித்து எடுத்து வைத்த சாம்பிள் இருக்கிறதே. ஓடினோம். விஷயத்தைச் சொன்னோம். அவர் பீரோ சாவியை எடுக்கவில்லை. பழசு உடைந்தது என்கிறீர்கள், உடைந்த துண்டுகளைக் காட்டினால்தான் சாம்பிளைத் தர முடியும் என்றார். அவரிடம் வாதாடிப் பயனில்லை. கலையரசி அவரை மரியாதையாக மாடிக்கு அழைத்துவந்து இருண்ட திரையின் முன் நிறுத்தினாள்.

பாய் குனிந்து பார்த்தார். மானிட்டருக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். மேஜைக்கு அடியிலும் ஒரு தடவை பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவர் சாவியை எடுத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"எல்லாத் துண்டும் இங்கயேதான இருக்குது? ஒண்ணும் ஷூவுக்குள்ள போய்டலையே?"

கார்டு

கவர் கவராகப் பிரித்து, இந்த முறை ஒரு பேக்கேஜ்கூட விட்டுப்போகாமல் மேஜை மேல் அடுக்கி வைத்துக்கொண்டு ஆரம்பித்தோம். எதைக் கேட்டாலும் கையில் இருந்தது. சாயங்கால ஷிப்ட் மணி அடிப்பதற்குள் எல்லாம் ஏறிவிட்டது. வேலை முடிந்ததும் நசீர் பாய் வந்து ஒவ்வொன்றுக்கும் மறுபடியும் சாம்பிள் எடுத்து சீல் வைத்துக்கொண்டு போனார். இந்தத் தடவை நான் வாயே திறக்கவில்லை.

மறுநாள் பையர் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா வந்தார். கலையரசி ஒரு ஷூவை ஸ்கேன் செய்தாள். தோல், டேனரி எல்லாம் திரையில் வந்து நின்றது. அந்த அம்மா தலையாட்டிவிட்டு, இந்த மெஷின் கெட்டுப்போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வாசலில் நின்றிருந்த நசீர் பாய் கீழே போய் ஒரு டிரேயில் சீல் வைத்த கவர்களை அடுக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றிலும் சீட்டு. அந்த அம்மா ப்ரோகிராமைப் பார்த்ததைவிட அந்த டிரேயைப் பார்த்துத்தான் அதிகம் சந்தோஷப்பட்டார். ஆர்டர் உறுதி என்று சொல்லிவிட்டுப் போனார். ஜி.எம். அந்த இடத்திலேயே கலையரசிக்குப் புது ஐ.டி. கார்டு போடச் சொன்னார்.

கார்டையும் ஸ்டோரில்தான் கொடுப்பார்கள். நானும் கூடப் போனேன். 'மென்பொருள் பிரிவு' என்று போட்ட கார்டை நசீர் பாய் ஒரு கையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல மற்றொரு கையை நீட்டினார். பழைய கார்டு வேண்டுமாம். கலையரசியின் கை பழக்கத்தில் கழுத்துக்குப் போனது. பாதியில் நின்றது. கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் அப்படி நின்றதில்லை. பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு புதுக் கார்டை முதலில் நீட்டினார். அவர் நீட்டுவதற்கு முன்னால் அவள் சொன்னது இதுதான்:

"இந்த தபா புதுசு மொதல்ல, பாய். அது கைக்கு வந்தப்புறந்தான் பழசு."

இன்றைக்கும் எங்கள் ரூமில் ஏதாவது ஒரு டூல் ஏதாவது ஒரு பேக்கேஜைக் கேட்டு மல்லுக்கு நின்றுகொண்டுதான் இருக்கிறது, ஆனால் பேக்கேஜ்தான் குறைகிறதே தவிர ஆள் குறையவில்லை.