மச்சான் நின்ற மேட்டு வாசல்

நகராட்சி வண்டி ஓட்டிய காலத்தில் டிரைவருக்குப் பயணிகள் என்று யாரும் கிடையாது, எல்லாரும் உறவுக்காரர்கள்தான். உடம்பு வளர்ந்தும் மனசு குழந்தையாகவே நின்றுவிட்டவர்களைக் காலையில் வீடு வீடாக ஏற்றிப் பகல் இல்லத்தில் விடுவதும், மாலையில் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவர் வேலை. ஆளைப் பார்த்து ஒருவரைச் சித்தப்பா என்பார், ஒருத்தியைப் பெரியம்மா என்பார். இறங்கிப் போய்க் கையைப் பிடித்து ஏற்றி, முறை சொல்லிக் கூப்பிட்டு உட்காரவைத்தால்தான் வண்டி நகரும். மறந்து ஒருநாள் முறை சொல்லாமல் விட்டால் சித்தப்பா மாலை வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

இந்த முறை வைக்கும் பழக்கத்தில்தான் டிரைவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். மேட்டுத் தெருவின் கடைசி வீட்டில் முப்பது வயதைத் தாண்டிய ஒருவன் இருந்தான். அவனுடைய அக்கா பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். அப்பா அம்மா போன பிறகு தம்பிதான் எல்லாம் என்று, வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்தவள். முதல் நாள் அவனை ஏற்றும்போது "வா தம்பி" என்று சொல்லத்தான் டிரைவர் வாயைத் திறந்தார். வந்து விழுந்ததோ "வா மச்சான்". பெண்டாட்டியை இழந்த மனிதர், கல்யாணமாகாத ஒருத்தியின் தம்பியை, அவள் எதிரிலேயே மச்சான் என்றால் கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள்? டிரைவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் தெருவைப் பார்த்தாள்.

தம்பிக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது, அவனும் அவரை மச்சான் என்றே கூப்பிட்டான். மறுநாள் "தம்பி" என்று திருத்திக் கூப்பிட்டுப் பார்த்தார். அவன் ஏற மாட்டேன் என்று வண்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கெஞ்சியும் பயனில்லை. கடைசியில் அவள்தான், பழையபடியே கூப்பிடுங்கள், எனக்குக் கடைக்கு நேரமாகிறது என்றாள். சொல்லும்போது உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்போடு வருஷங்கள் ஓடின. பகல் இல்லத்தில் சமையல்காரம்மா முதல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் அக்கா. டிரைவர் மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஏன் என்று கேட்டால் மழுப்புவார். அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் மழை, வண்டி டயர், தம்பியின் சளி, இவ்வளவுதான். அதற்காகவா தினம் முகச்சவரம் செய்துகொண்டு போனார்? விடுமுறை நாள் அவருக்கு இழுத்துக்கொண்டே போகும். காதல் என்று யாராவது சொல்லியிருந்தால் அவரே சிரித்திருப்பார். ஆனாலும் அது அதுதான், வேறு பெயர் கிடையாது.

பிறகு தேர்தல் வந்தது. ஒரு நிறுவனம் தெருவுக்குத் தெரு விளம்பரத் தட்டி கட்டியது. தட்டியில் இருந்தவர் ஜெயித்து நகராட்சித் தலைவரானார். தலைவரான சூட்டோடு பகல் இல்லத்தையும் வண்டியையும் நடத்தும் பொறுப்பை அந்த நிறுவனத்துக்கே தூக்கிக் கொடுத்தார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! வண்டிக்குப் புதுச் சாயம் பூசினார்கள், உள்ளே கேமரா வைத்தார்கள். டிரைவர் இருக்கையை விட்டு இறங்கக் கூடாது, உறவு சொல்லிக் கூப்பிடக் கூடாது, வாடிக்கையாளர் என்றுதான் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. "வணக்கம் வாடிக்கையாளரே" என்றதும் சித்தப்பா, தனக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்.

அதுவரை சிரித்துத் தள்ளிக்கொண்டிருந்த டிரைவரின் சிரிப்பை நிறுத்தியது அடுத்த உத்தரவு. ஒரே ஒரு ஆளுக்காக வண்டி மேடு ஏறுவது கட்டுப்படியாகாதாம்; மேட்டுத் தெரு நாளை முதல் கிடையாது. அன்று மாலை தம்பியை இறக்கிவிட்டபோது விஷயத்தை அவளிடம் மெல்லச் சொன்னார். அவள் தம்பியின் பையை வாங்கிக்கொண்டாள். அவன் என்ன, என்ன என்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்காமல், வண்டி பழுதாகும் நாட்களில் சொல்லும் சொல்லையே டிரைவர் சொல்லிவிட்டார்.

"மச்சான், வண்டி கொஞ்சம் லேட்டாகும். ஆனா வந்துடும்."

அத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. அதனால் மறுநாள் காலையிலும் தம்பி ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். அதற்கு மறுநாளும் நின்றான். கீழ்ச் சாலையில் ஒரு திருப்பத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் மேட்டு வாசல் தெரியும். பையோடு அவன் நிற்பான், பக்கத்தில் அவள் நிற்பாள். டிரைவர் அங்கே வண்டியை மெதுவாக்குவார். பின்னால் வருகிறவன் ஹாரனை அலறவிடுவான். பார்க்கத் தாங்காது, ஆனாலும் அந்தத் திருப்பம் எப்போது வரும் என்றுதான் முந்தின தெருவிலிருந்தே மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

பொறுக்க முடியாமல் தலைவரைப் பார்க்கப் போனார். பக்கத்து நாற்காலியில் நிறுவனத்து மேலாளர் உட்கார்ந்திருந்தார். டிரைவர் தலைவரிடம் கேட்டார். தலைவர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் இல்லை என்று தலையசைத்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே சாமியே பூசாரி முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது நம் நகராட்சி வண்டிதானே என்று டிரைவர் விடாமல் கேட்டதற்குத் தலைவர் அன்பாகவே பதில் சொன்னார்.

"வண்டி நம்மளதுதான்யா. அது போற வழி அவங்களது."

அடுத்த விடுமுறை நாளில் டிரைவர் மேட்டுத் தெருவில் நடந்தே ஏறினார். விடுமுறை என்றும் பாராமல் தம்பி வாசலில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே முன்னறையில் தையல் மெஷின். தம்பியைத் தனியாக விட்டுப் போக முடியாததால் கடை வேலை போய்விட்டது, கிழிசல் தைத்துக் காலம் தள்ளுகிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. நடந்ததைச் சொன்னார். எதிர்பார்த்தவள்போல் கேட்டுக்கொண்டாள்.

"வராதுன்னு நானும் தினம் சொல்றேன். மச்சான் வரும்னு சொன்னாரேங்கறான். நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவான்."

அதைச் சொல்வதற்குப் பதில் டிரைவர் வேறு எதையும் செய்திருப்பார். வாசலுக்குப் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், வண்டி வராது."

"லேட்டா?"

"லேட்டு இல்ல. இனிமே வராது."

அவன் அவர் முகத்தையே பார்த்தான். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. சரி என்று உள்ளே போய் ஷூவைக் கழற்றினான். அழுது ஊரைக் கூட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சொன்னதை அப்படியே நம்பினானே, அதுதான் அவரை அறுத்தது.

அவள் வாசல்வரை வந்தாள்.

"நாளையிலேருந்து இவன் இங்க நிக்க மாட்டான். நீங்களும் கீழ ரோட்டுல வண்டியை மெதுவாக்காதீங்க, எவனாவது வந்து இடிச்சிடப் போறான்."

பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். டிரைவருக்குக் காது சூடேறியது. கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டார்.

"நீங்க?"

"அவனுக்குத் துணைன்னு சொல்லிக்கிட்டுத்தான் நானும் நின்னேன்" என்றாள் அவள். "இனிமே என்னன்னு சொல்லிக்கிட்டு நிக்கிறது?"

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. வருஷக்கணக்காக இருந்தது, அன்று தொண்டைவரைக்கும் வந்தது. வரேங்க என்று மட்டும் சொல்லிவிட்டு மேட்டை விட்டு இறங்கினார்.