சொந்தக் கருத்து சேர்க்கக் கூடாது

எங்களிடம் தோல் வாங்கிய சீனக்காரர் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை தூங்குவார். அங்கே பன்னிரண்டு என்றால் எங்கள் பம்மலில் ஒன்பதரை. என்னுடைய விடுதலை அந்த இரண்டு மணி நேரம்தான். மற்றபடி காலை ஆறரையிலிருந்து எங்கள் வீட்டு மாடியறையில், அடுக்கி வைத்த ஆட்டுத்தோல்களுக்கு நடுவே, போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வெளியே போனால், "எங்க கீற? போன் வரப் போவுது" என்று அண்ணன் செல்லில் கூப்பிட்டுவிடுவான்.

அத்தா இறந்த பிறகு வியாபாரத்தை அண்ணன் பார்த்துக்கொண்டான். பதனிட்ட தோலை வாங்கி, சீனாவில் கையுறை தைக்கும் அந்த ஆளுக்கு அனுப்புவான். அவருக்கு இங்கிலீஷ் வராது, இவனுக்கு அதைவிட வராது. அதனால் நான் பி.காம். முடித்த கையோடு என்னை இரண்டு வருஷம் சீன மொழி வகுப்புக்கு அனுப்பினான். "தங்கச்சிய சீனம் படிக்க வச்சிட்டியே, அப்படியே அங்கயே ஒரு மாப்பிள்ளையும் பார்த்துடு" என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். படிப்பு முடிந்த மறுநாளே போன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டான். அதற்கப்புறம் ஐந்து வருஷம் நான் எழுந்திருக்கவில்லை.

எழுந்திருக்க ஒரு வழி இருந்தது. சீனாவில் ஒரு பல்கலைக்கழகம் வெளிநாட்டவருக்கு உதவித்தொகையோடு முதுகலைக்கு இடம் தந்துவந்தது. மொழித் தேர்வில் மேல்நிலைச் சான்றிதழ் மட்டும் வேண்டும். அந்தத் தேர்வில் பேச்சுப் பகுதி ஒன்று உண்டு. கேள்விக்குப் பதில் சொல்லி டேப்பில் பதிவு செய்ய வேண்டும். நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த எனக்கு அதில் பயமே இல்லை. எழுத்தில் கோட்டை விட்டாலும் பேச்சில் கரையேறிவிடலாம் என்று மூன்று வருஷம் தயார் செய்தேன்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு சீன இன்ஜினீயர் குடும்பம் வாடகைக்கு இருந்தது. அவர் மனைவிக்கு என் வயதுதான். பொழுது போகாமல் இருந்தவள், எனக்குப் பாடம் சொல்லித்தர ஒப்புக்கொண்டாள். ஒன்பதரைக்குப் பம்மலில் ஷேர் ஆட்டோ பிடித்து, பல்லாவரத்தில் பஸ் ஏறி, தாம்பரத்தில் இன்னொரு பஸ் மாறிப் போனால் மிஞ்சுவது அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

2009 கடைசியில் ஒருநாள் அவள் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். தேர்வையே மாற்றிவிட்டார்கள். பதினொன்று வரை இருந்த படிகள் ஆறாகிவிட்டன. பேச்சைத் தனித் தேர்வாகப் பிரித்துவிட்டார்கள். பல்கலைக்கழகம் என்னிடம் கேட்கப்போவது மேல்நிலை எழுத்துத் தேர்வின் சான்றிதழ்தான். அதில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. ஆயிரம் எழுத்துள்ள கதையைப் பத்து நிமிஷம் படிக்க வேண்டும். பிறகு தாளைப் பிடுங்கிக்கொள்வார்கள். நினைவிலிருந்து நானூறு எழுத்தில் சுருக்கி எழுத வேண்டும். சொந்தக் கருத்து சேர்க்கக் கூடாது. நான் அங்கேயே அழுதுவிட்டேன். யாரைக் கேட்டு மாற்றினார்கள் என்று கத்தவும் செய்தேன். அவள் பாவம், டீ போட்டுக் கொடுத்தாள்.

பிறகு யோசித்தேன். சுருக்குவதுதானே என் பிழைப்பு? சீனக்காரர் பத்து நிமிஷம் பேசுவார், நான் அண்ணனுக்கு இரண்டு வரியில் சொல்வேன். இதில் என்னை எவன் ஜெயிக்க முடியும்?

பயிற்சிக்கு ஒரு கதை கொடுத்தாள். அப்பாவும் மகனும் கடை நடத்துகிறார்கள், சண்டை வருகிறது, மகன் கதவை உதைத்துவிட்டுப் போகிறான். எழுதிக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "இது எங்கே இருக்கிறது?" என்று ஒரு வரியைக் காட்டினாள். மகன் வருத்தம் தெரிவித்துவிட்டு விடைபெற்றான் என்று எழுதியிருந்தேன். கதையில் இருக்கிறது என்று சத்தியம் செய்தேன். தாளை எடுத்துக் காட்டினாள். இல்லை. அடுத்த வாரம் வேறு கதை. அதில் ஒரு முதலாளி திட்டுகிறார், என் தாளில் அவர் அறிவுரை சொல்லியிருந்தார்.

போனில் ஐந்து வருஷமாக நான் செய்ததே இதுதான். சீனக்காரர் கோபக்காரர், அண்ணன் அவருக்கு அப்பன். இருவர் வார்த்தையையும் தண்ணீர் ஊற்றி ஆற வைத்துத்தான் மாற்றி மாற்றிக் கொடுப்பேன். இப்போது படித்ததைக்கூட உள்ளபடி நினைவில் வைக்க முடியாத ஆளாகிவிட்டேன். தேர்வுக்கு விண்ணப்பிக்க இன்னும் பத்து நாள் இருந்தது. இனிமேல் போனில் கேட்டதைக் கேட்டபடியே சொல்வது, அதுதான் பயிற்சி என்று முடிவெடுத்தேன்.

மறுநாள் காலையே வாய்ப்பு வந்தது. கடைசியாக அனுப்பிய சரக்கில் கலர் ஒத்துப்போகவில்லை. சீனக்காரர் கத்தியதை வரி விடாமல் சொன்னேன். "உனக்கு நான் குருடனான்னு கேக்கறாரு. மட்டமான தோலையெல்லாம் அடியில வச்சு மறைக்கறியாம். நீ திருடனாம்."

அண்ணன் எழுந்தே நின்றுவிட்டான். "எவனைப் பார்த்துத் திருடன்றான்? சாம்பிளைப் பார்த்து ஓகே சொன்னப்ப கண்ணை எங்க வச்சிருந்தான்? வேணாம்னா போவச் சொல்லு!"

அதையும் அப்படியே சொன்னேன். லைன் கட்டாகிவிட்டது.

"இன்னா ஆச்சு அவனுக்கு? மரியாதையா பேசற ஆளாச்சே" என்றான்.

"அவரு எப்பவும் இப்படித்தாண்ணே. நான்தான் சொல்ல மாட்டேன்."

"அப்ப நான் பேசறது?"

"அதையும்தான்."

விண்ணப்பப் படிவம் என் மடியிலேயே இருந்தது. அவன் கத்துவான், நானும் கத்துவேன், வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று அதை முகத்துக்கு நேரே நீட்டுவேன். மனசுக்குள் எல்லாம் தயாராக இருந்தது. அவன் கத்தவில்லை. தோல் கட்டின்மேல் உட்கார்ந்து என்னையே பார்த்தான்.

"அப்போ இத்தினி வருஷமா யாவாரம் பண்ணது நீதான்" என்றான். அவன் கண் கலங்கிப் பார்த்தது அத்தாவின் மய்யித்தை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான். என் கை படிவத்தைத் தோலுக்கடியில் தள்ளிவிட்டது.

மறுநாள் காலை சீனக்காரருக்கு நானே போன் போட்டேன். அண்ணன் இரவெல்லாம் தூங்கவில்லை, மிகவும் வருந்துகிறார் என்றேன். சிரித்துவிட்டு அடுத்த சரக்குக்கு ஆர்டர் தந்தார்.

அந்த வாரம் சேலையூருக்குப் போகவில்லை. படிவம் அனுப்பக் கடைசி நாளன்று, அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பத்திரத்தோடு மாடிக்கு வந்தான். என்னை வியாபாரத்தில் பங்குதாரராகச் சேர்த்திருந்தான். எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்கும் அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. அம்மா என் தலையைத் தடவி துஆ செய்தாள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று அவனே விரல் வைத்துக் காட்டினான். போட்டேன்.

"உனக்கு சந்தோஷம்தானே?" என்றான்.

"ரொம்ப சந்தோஷம்ண்ணே" என்றேன். தமிழிலும் எனக்கு உள்ளதைச் சொல்ல வரவில்லை.